பேஸ் எங்கே முடிகிறது?

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் மொபைல் கடைகளில் ஹெட்செட் வாங்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, பேஸ் நல்லா வருமா?" பேஸ் என்றால் பாட்டின் அடித்தொனி. கடைக்காரரும் அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு குத்துப் பாட்டைப் போட்டுக் காட்டுவார். காதுக்குள் தும் தும் என்று இறங்கியதுமே பில் போட்டாகிவிடும். இன்னொரு பக்கம், ஹெட்செட் விஷயத்தில் கொஞ்சம் ஆழமாக இறங்கியவர்களிடம் நேர் எதிரான தீர்ப்பு ஒன்று ஊறிப்போயிருக்கிறது. பேஸ் தூக்கலான இன்-இயர் (காதுக் குழாய்க்குள் செருகும் ஹெட்செட்) என்றாலே அது பாட்டைக் கெடுக்கும், தேர்ந்த காதுக்கு ஆகாது என்பார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஒரே ஹெட்செட் ஒரு பாட்டில் ஆளை அள்ளிக்கொண்டு போகிறது, அடுத்த பாட்டில் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. பேஸ் அதிகம் என்பதுதான் குற்றம் என்றால் இரண்டு பாட்டும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்?

பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, மேலே போகப் போக அது எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டால்தான் இந்தக் கணக்கு நேராகிறது. 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு, பக்கம் பேஸின் ஏற்றம் முடிந்துவிடுகிற ஹெட்செட் ஒரு ஜாதி. 300 வரை இழுத்துக்கொண்டே போகிறது வேறு ஜாதி. கடையில் ஒரு நிமிஷம் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் அதிரும். வீட்டுக்கு வந்து நாலு வகைப் பாட்டைப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதுவும் காதுக்குள் நுழையும் முனை ரப்பர் சரியாகப் பொருந்தியிருந்தால்.

குழாயும் டிஜே பாக்ஸும்

நம் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் வெகுகாலம் பாட்டுப் போட்டது மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அந்தக் குழாயில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தியை மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். அப்படியானால் அந்தப் பாட்டுகளின் பேஸ் நடை முழுவதும் குழாய்க்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. ஆனாலும் பேஸ் எப்படிப் போகிறது என்று எல்லோரும் வாயாலேயே பாடிக் காட்டினார்கள். காரணம், ஒரு சுரத்தின் அடி அதிர்வு வராவிட்டாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் காதில் விழுந்தால் அடிச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். இன்று போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் நடை தெரிவதும் இப்படித்தான்.

இப்போது அதே திருவிழாவில் டிஜே பாக்ஸ் வைக்கிறார்கள். 18 அங்குல ஸ்பீக்கர் அடுக்கின் முன்னால் நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும். காதுக்குள் செருகும் 10 மில்லிமீட்டர் டிரைவரிடம் (ஹெட்செட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்) அந்த நெஞ்சதிர்வை எதிர்பார்க்க முடியாது. அது காதுக் குழாய்க்குள் அடைபட்ட சின்ன இடத்துக் காற்றை மட்டுமே அழுத்துகிறது, உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. உடம்பில் இல்லாததைக் காதிலேயே ஈடுகட்டத்தான் இன்-இயர்களில் கூடுதல் பேஸ் கேட்கிறோம் என்பது என் எண்ணம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் நடத்திய கேட்டல் ஆய்வுகளிலும் பெரும்பாலோர் தட்டையான பேஸை விரும்பவில்லை, ஏற்றம் வைத்ததைத்தான் விரும்பினார்கள். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அதிலிருந்து அவர்கள் இன்-இயருக்கு வரைந்த கோடு எப்படிப் போகிறது பாருங்கள்: 200 ஹெர்ட்ஸ் பக்கம் தாழ்ந்து கிடந்து, அதற்குக் கீழேதான் மேடேறும். பேஸ் பிடிக்கும் என்று சொல்கிறவருக்குக் காதில் கோளாறில்லை. அந்த மேடு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம்.

மனிதக் காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. 20 முதல் 60 வரை சப் பேஸ். இதைக் கேட்கிறோம் என்பதைவிட அழுத்தமாக உணர்கிறோம். 60 முதல் 120 வரை கிக் டிரம்மின் குத்து, பேஸ் கிட்டாரின் உடல். 120 முதல் 300 வரை உள்ள இடம்தான் தகராறு பிடித்தது. அங்கே மேளத்தின் அடிநாதமும் இருக்கிறது, மனிதக் குரலின் அடிவயிறும் இருக்கிறது. அந்த இடத்தைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்து வீங்கும்.

ரப்பர் பொருந்தாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது

புது இன்-இயரைப் பற்றி முதல் நாளில் வருகிற புகார்களில் பெரும்பங்கு ரப்பர் புகார்தான். "பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி இருக்கு" என்றால் காற்று கசிகிறது என்று பொருள். காதுக் குழாய் முழுக்க அடைபட்டால்தான் டிரைவர் தள்ளுகிற அழுத்தம் உள்ளே நிற்கும். முடி அளவு இடைவெளி இருந்தாலும் சப் பேஸ்தான் முதலில் கழன்று வெளியேறும். அதற்கு மேலே உள்ள சத்தங்கள் அவ்வளவாகக் குறையாததால் கசிவு இருப்பதே தெரியாது. இப்படிக் கசிகிற காதோடு நல்ல ஹெட்செட்டை மட்டம் என்று எழுதிவிடுவது வெகு சுலபம்.

சோதிப்பதும் சுலபம்தான். 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை, யூடியூபில் தேடினாலே கிடைக்கும், குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். 30, 40 ஹெர்ட்ஸிலேயே காதுக்குள் அழுத்தம் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 80-க்கு மேல்தான் விழிக்கிறது என்றால் அந்தப் பக்கம் கசிவு. ஹெட்செட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால், வைத்திருக்கும் ரப்பர் சின்னது. வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறும், அப்போது பேஸ் விழுந்து எழுந்தால் அதே குறைதான். செருகும்போது எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும், ரப்பர் சரியாகப் போய் உட்காரும். பலருக்கு இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரியது என்று போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

ரப்பரின் வாயகலத்தையும் பார்க்க வேண்டும். அகன்ற வாய் ட்ரெபிளை, அதாவது கீச்சுத் தொனியை, திறந்துவிட்டு பேஸைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும், குறுகிய வாய் பேஸை முன்னே கொண்டுவரும். ரப்பருக்குப் பதில் போடும் பஞ்சு டிப் காதை நன்றாக அடைக்கும், கூடவே மேல் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே பேஸ் தூக்கலான ஹெட்செட்டுக்குப் பஞ்சைப் போட்டால் பாட்டு இன்னும் இருண்டு போகும். அதற்கு அகன்ற வாய் சிலிக்கான்தான் ஏற்றது. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் வியர்வையும் காதழுக்கும் சேர்ந்து சிலிக்கான் வழவழத்துப் பிடிப்பு விட்டுவிடும். ரப்பரை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளே ஈரமில்லாமல் உலர்த்திய பிறகு மாட்டுங்கள். முனையிலுள்ள வலையில் அழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும். அது டிரைவர் போனதற்கு அடையாளமென்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் நிறைய.

கூட்டில் இருக்கும் ஊசித் துளைகளும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. காதுப் பக்கம் இருக்கும் துளை, செருகும்போது சேரும் அழுத்தத்தை வெளியேற்றும். அதை மூடினால் சப் பேஸ் கூடும், செருகும்போது டிரைவர் சவ்வு மடங்கிச் சடசடக்கவும் கூடும். டிரைவருக்குப் பின்னால் உள்ள துளையை அடைத்தால் எதிர்மாறாக பேஸ் இறுகிக் குறையும். தூசியோ வியர்வை உப்போ அந்தத் துளையில் படிந்த ஹெட்செட் வாங்கின நாளைப்போல் ஒலிக்காது. ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் பதமாகும் என்று சொல்வார்கள். அப்படி வரும் மாற்றத்தைவிட ஒரு தடவை கழற்றி மாட்டுவதில் வரும் மாற்றம் பெரிது. பெரும்பாலும் காதுதான் பழகிக்கொள்கிறது.

பஸ்ஸில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் கேட்டால் பேஸ் குறைந்த ஹெட்செட் தண்டம் என்பார்கள். அவர்கள் சொல்வதில் கணக்கு இருக்கிறது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது நொடிக்கு 75 தடவை எரிகிறது. 2,000 சுற்றில் நொடிக்கு 100 தடவை. அதாவது பஸ்ஸின் உறுமல் 75, 100 ஹெர்ட்ஸில், கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் இருக்கும் அதே இடத்தில், உட்கார்ந்திருக்கிறது. சேலத்துப் பக்கமிருந்து வரும் பஸ் தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து ஏறும்போது உறுமல் இன்னும் தடிக்கும். ரப்பர் வெளிச்சத்தத்தை அடைக்கும்தான். ஆனால் கீச்சுச் சத்தத்தை அடைக்கிற அளவுக்கு அடித்தொனியை அடைக்காது. எனவே ஹெட்செட்டின் கூடுதல் பேஸில் பெரும்பகுதியை எஞ்சின் தின்றுவிடுகிறது, மிச்சம் காதுக்குச் சமமாகக் கேட்கிறது. அதே ஹெட்செட்டை அதே சத்தத்தில் இரவு பத்து மணிக்கு வீட்டில் போட்டால் அடி கனத்துத் தொங்கும். நாய்ஸ் கேன்சலிங் உள்ள பட்ஸ் குறிப்பாக இந்த அடி உறுமலைத்தான் நன்றாக அழிக்கும். அதை ஆன் செய்துகொண்டால் பஸ்ஸிலும் வீட்டு நியாயமே பொருந்தும்.

வீட்டிலும் சத்தத்தின் அளவு ஒன்று இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது முதலில் கைவிடுவது பேஸைத்தான். ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து 1933-இல் வெளியிட்டார்கள். வீட்டார் தூங்கும்போது மெல்லிய சத்தத்தில் கேட்கிறவருக்குத் தட்டையான ஹெட்செட் சப்பென்று இருக்கும், பேஸ் தூக்கலானது நிறைவாக இருக்கும். பேஸ் தூக்கலான இன்-இயரின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன்: சத்தத்தைக் கூட்டாமலே பாட்டு முழுசாகக் கேட்கலாம். இரண்டு ஹெட்செட்டை ஒப்பிடும்போதும் சத்தத்தை முதலில் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூடுதலாக இருப்பதையே காது "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் வரும்படி வைத்துவிட்டு அப்புறம் பேஸைப் பாருங்கள். போனில் பேஸ் பூஸ்ட், டால்பி அட்மோஸ் எது ஆன் ஆகியிருந்தாலும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாட்டு வகை மாறும்போது

குத்துப் பாட்டில் எந்த பேஸ் ஹெட்செட்டும் ஜெயிக்கும். அதனால்தான் கடையில் அது ஓடுகிறது. கிக் 50, 60 ஹெர்ட்ஸில், அதன் மேல் பறை, தவில் மாதிரி சுள்ளென்று வெடிக்கும் அடி, கைத்தட்டல், கோரஸ் என்று இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கிக் விழும் நொடியில் பறையின் சிண்டுக் குச்சி எழுப்பும் மெல்லிய சத்தம் அமுங்கிப் போய்த் திரும்பி வருகிறதா? வந்தால் ஹெட்செட்டைச் சந்தேகிக்கும் முன்னால் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். இன்றைய பாட்டுகளில் பலவற்றை மாஸ்டரிங்கிலேயே (பாட்டை வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) நசுக்கி வைத்திருக்கிறார்கள், அமுக்கம் அங்கிருந்தே வரலாம்.

ஹிப் ஹாப்பில் சோதனை வேறு. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் கிக்கை நீட்டி, சுரமாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கவிடுவது இப்போது எல்லா மொழியிலும் வாடிக்கை. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஓடுகிற ஓசூர், கிருஷ்ணகிரி போன்களில் மூன்று மொழியிலும் இதைக் கேட்கலாம். சுரம் 60-இலிருந்து 35 ஹெர்ட்ஸுக்கு வழுக்கும்போது கடைசி வரை பின்தொடர முடிகிறதா, பாதியில் காணாமல் போகிறதா என்று பாருங்கள். 80, 100 ஹெர்ட்ஸில் மட்டும் மேடு வைத்து "எக்ஸ்ட்ரா பேஸ்" என்று அட்டை ஒட்டிய ஹெட்செட்கள் இங்கே பிடிபடும். குத்தில் அதிர்ந்தவை, வழுக்கலின் அடியில் காலியாக இருக்கும். சுரம் நிற்க வேண்டிய இடத்தில் கரகரப்பு வந்தால் டிரைவர் திணறுகிறது.

எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள்தான் இந்த ஹெட்செட்களுக்கு என் மனதுக்குப் பிடித்த இடம். பேஸ் கிட்டார் அங்கே தாளத்துக்குத் துணைபோவதோடு நிற்காமல் பாடகருக்கு எதிர்ப்பாட்டு பாடுகிறது. குழாயில் கேட்டு வளர்ந்தவர்கள், சரியாகப் பொருந்திய பேஸ் ஹெட்செட்டில் அதே பாட்டைக் கேட்டால் இரண்டாவது சரணம் வரைக்கும் பேச மாட்டார்கள். அந்த நடை தந்திக்குத் தந்தி, 41, 55, 73, 98 என்று ஏறி இறங்கும். ஏற்றம் சீராக இருந்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடந்து வரும். 80-இல் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிற ஹெட்செட்டில் ஒரு சுரம் அலறும், அடுத்தது பதுங்கும். சுரம் எதுவானாலும் ஒரே 'தும்' என்று கேட்டால் அது பேஸ் அதிகம் அல்ல, பேஸ் மோசம்.

அறுபதுகளின் பாட்டுக்கு இந்தக் கூடுதல் எதுவும் உதவாது. மோனோ பதிவு, சப் பேஸ் என்று சொல்ல ஒன்றுமில்லை. தூக்குவதற்குக் கிடைப்பது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும், டோலக்கின் அடிப்புறமும், பாடகரின் நெஞ்சுத் தொனியும்தான். ஏற்றம் 100-இல் முடிகிற ஹெட்செட்டில் இந்தப் பாட்டுகள் சேதமில்லாமல் தப்பும். 300 வரை இழுப்பதில் பாடகருக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். நாதஸ்வரம், தவில் பதிவுகளில் பேஸைவிட ட்ரெபிள்தான் பிரச்சினை. பேஸும் ட்ரெபிளும் ஒன்றுபோலத் தூக்கிய ஹெட்செட்டில் நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி காதைக் குத்தும்.

கும்கி சொல்லும் தீர்ப்பு

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு ஜாதியையும் ஐயமில்லாமல் பிரித்துக் காட்டுவது கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவு ஒன்றுதான். காரணம் சுருதியிலேயே இருக்கிறது. ஆண் பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடினால் ஷட்ஜம், அதாவது ஆதாரச் சுரமான 'ச', ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், இரண்டு கட்டையில் 147. பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடினால் 196, ஐந்தரையில் 208. அதாவது ஆண் குரல் தங்கி நிற்கும் ஷட்ஜம் இந்தத் தகராறு பிடித்த இடத்துக்குள்ளே கிடக்கிறது. பெண் குரலின் ஷட்ஜம் அதன் நடுவில் நிற்கிறது. பேஸை 300 வரை இழுத்த ஹெட்செட் பாடகரின் ஆதாரச் சுரத்தையே வீங்க வைத்துவிடும். மேலே பஞ்சமத்துக்கும் தார ஷட்ஜத்துக்கும் (மேல் 'ச') போகும்போது வீக்கம் குறைந்து குரல் மெலிகிறது. ஒரே ஆலாபனையில் இரண்டு பேர் மாறி மாறிப் பாடுவதுபோல் இருந்தால் காரணம் இதுதான்.

மிருதங்கம் இதைவிடக் கறாரானது. அதன் வலப்புறமான வலந்தலை பாடகரின் ஷட்ஜத்தோடு சேரும். நடுவிலுள்ள கருப்புக் கரணைதான் தோலின் அதிர்வுகளை ஒன்றுக்கொன்று மடங்காக நிற்க வைத்து, தாளக் கருவியிலிருந்து சுரம் பிறக்கச் செய்கிறது. சி. வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். இடப்புறத்துத் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனத்தால் தோல் தாழ்ந்து ஒலிக்கும். கையால் தொப்பியை அடித்த கையோடு உள்ளங்கையின் அடியைத் தோலில் அழுத்தி நகர்த்தினால் சுரம் அடியிலிருந்து மேலே வழுக்கும். அதுதான் கும்கி. அதற்கு ஆரம்பம் இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, மேலே போய்க் கரைகிற முடிவும் இருக்கிறது. நல்ல ஹெட்செட்டில் மூன்றும் கேட்கும், கை தோலை விட்டு எழுகிற இடம்கூடத் தெரியும். மிட் பேஸ், அதாவது அந்தத் தகராறு பிடித்த இடம், வழிகிற ஹெட்செட்டில் கும்கி வெறும் 'தும்'. ஆரம்பத்துக் கனம் பெருத்து, வழுக்கலை விழுங்கி, அதற்குள் அடுத்த அடி வந்துவிடும். கும்கி கேட்காவிட்டால் அந்த ஹெட்செட்டில் மிருதங்கம் கேட்கவில்லை என்றே அர்த்தம்.

அடித்தொனி ஏன் இப்படி மற்றதை விழுங்குகிறது? தாழ்ந்த சத்தம் தனக்கு மேலே உள்ளவற்றை மறைக்கிற அளவுக்கு, உயர்ந்த சத்தம் தனக்குக் கீழே உள்ளவற்றை மறைப்பதில்லை. உட்காதில் இருக்கும் நத்தைச் சுருளின் வாசலில் கீச்சுச் சத்தங்களுக்கான இடமும், உள் முனையில் அடித்தொனிக்கான இடமும் இருக்கின்றன. அடித்தொனியின் அலை தன் இடத்துக்குப் போகும் வழியில் மற்ற எல்லாருடைய இடத்தையும் ஆட்டிவிட்டுத்தான் போகிறது. 40 ஹெர்ட்ஸில் எழும் சத்தத்துக்கும் குரலுக்கும் நடுவே தூரம் அதிகம், மறைப்பு குறைவு. 200 ஹெர்ட்ஸில் எழுந்தால் குரல் பக்கத்திலேயே இருக்கிறது. சப் பேஸ் தூக்கலான ஹெட்செட்டில் குரல் பிழைப்பதற்கும் மிட் பேஸ் தூக்கலானதில் மூழ்குவதற்கும் இதுவே காரணம். ஆகவே பேஸ் ஹெட்செட்டை எடைபோட ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால், ஆண் குரலில் மெதுவாகப் போகும் ஒரு விளம்பக் கீர்த்தனையைப் போடுங்கள். பெரிய தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வாசிக்கிற பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் போடும் குத்துப் பாட்டு அப்புறம் இருக்கட்டும்.

குரல் மூழ்கினால் நம் கை தானாக வால்யூமுக்குப் போகிறது, குரலோடு பேஸும் ஏறுகிறது. இந்தச் சுற்றில்தான் காது அடிபடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. ஓசூர் வேலைக்குப் போய்வரும் நேரத்திலேயே ஒருவருக்கு இந்தக் கணக்கு தீர்ந்துவிடலாம்.

கையிலிருப்பதைச் சரிசெய்ய

மிட் பேஸ் வழிகிற ஹெட்செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் ஐந்து பட்டை ஈக்வலைசரில் 60, 230, 910, 3,600, 14,000 என்று எண்கள் இருக்கும். 60-ஐத் தொடாதீர்கள். 230-ஐ 3 டெசிபல் இறக்கிவிட்டு மேலே சொன்ன கீர்த்தனையைப் போடுங்கள். கும்கி வழுக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் இன்னும் ஒன்றிரண்டு டெசிபல். 6-க்கு மேல் இறக்கினால் ஆண் குரல் எலும்பாகிவிடும். இன்னும் நுணுக்கமாகச் செய்யும் செயலி இருந்தால் 220 ஹெர்ட்ஸை மையமாக வைத்து, க்யூ (பட்டையின் அகலத்தைக் குறிக்கும் எண்) 0.8 அல்லது 1, மைனஸ் 3 டெசிபல் என்று தொடங்கலாம். எந்தப் பட்டையையாவது ஏற்றினால், ஏற்றின அளவுக்கு ப்ரீ ஆம்ப்பை (ஈக்வலைசரின் மொத்தச் சத்த அளவு) இறக்க வேண்டும். 5 டெசிபல் ஏற்றிவிட்டு ப்ரீ ஆம்ப்பை அப்படியே விட்டால் உரத்த இடங்களில் ஒலி தலை தட்டி உடையும். அந்தக் கரகரப்புக்கு ஹெட்செட்டைத் திட்டுவார்கள்.

ஈக்வலைசராலும் ஆகாத வகை ஒன்று இருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து பாரதக் கூத்துகளை விடிய விடியப் போனில் பிடித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பதிவுகள். போன் மைக் அடித்தொனியைச் சரியாக வாங்குவதில்லை. அங்கே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் மைக்கில் மோதிய காற்றும், ஜெனரேட்டரின் 50, 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும், போனைக் கை மாற்றிப் பிடித்த சத்தமும்தான். பேஸ் ஹெட்செட் இவற்றைத்தான் தேடிப்பிடித்துப் பெரிதாக்கும், கூத்தில் ஊதும் முகவீணை எங்கோ தூரத்தில் போய்விடும். 60-ஐயும் 230-ஐயும் அடிமட்டம் வரை இறக்கிப் பார்க்கலாம், பாதி தேறும். அதைவிட, பழைய போனோடு வந்த, ரப்பர் இல்லாத வயர் ஹெட்செட் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தால் அதை எடுத்து மாட்டுங்கள். காற்று இரைச்சல் தானாகக் கசிந்து வெளியே போய்விடும். முகவீணையும் தாளமும் முன்னே வரும், கட்டியங்காரன் பேசுவது வார்த்தைக்கு வார்த்தை புரியும்.